பத்தில் ஒன்று, பத்து முறை

ஜெயபாய் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரி திருவனந்தபுரத்துக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு மேட்டில் இருக்கிறது. அவள் அங்கே ஆசிரியை அல்ல, லேப் இன்ஸ்ட்ரக்டர். கம்ப்யூட்டர்களைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும், செய்முறை வகுப்பில் மாணவர்கள் திணறினால் பக்கத்தில் போய் நின்று உதவுவதும் அவள் வேலை. ஆசிரியர்களுக்கு ஸ்டாஃப் ரூம் உண்டு. அவளுக்கு லேபின் ஒரு மூலையில் கண்ணாடி வைத்து மறித்த சின்ன அறை. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்வாள். ஸ்டாஃப் ரூமுக்கு வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

சொந்த ஊர் குழித்துறைப் பக்கம். வேலை கிடைத்த வருடம் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து ஆரியசாலையில் ஒரு மொத்த மிளகாய்க் கடையின் மாடியில் குடியேறினாள். அம்மா இறந்த பிறகும் வீட்டை மாற்றவில்லை. நாகர்கோவிலில் இருக்கும் அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம், "ஒத்தைக்கு அங்க என்னத்துக்குட்டி கெடக்க? இங்க வந்து இரி," என்பார். "பாக்கேன் அண்ணா," என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சு அந்தக் குடும்பத்தில் எப்போதோ ஓய்ந்துவிட்டது.

அவளிடம் ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பெயர் 'பின்னம்'. சின்னப் பிள்ளைகளுக்கு அரை, கால், முக்கால் என்று பின்னக் கணக்கைப் படம் காட்டிச் சொல்லித்தருவது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம், திருத்தி எழுதலாம். பல வருடங்களுக்கு முன்னால் ஸ்ரீகுமார் என்று ஒரு இளம் விரிவுரையாளர் கல்லூரியில் இருந்தார். அவர்தான் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு இதை ஆரம்பித்தவர். ஜெயபாய் அப்போது அவர்களுக்கு ஒத்தாசையாக இருந்தாள், பாதிக்கு மேல் எழுதியதும் அவள்தான். ஸ்ரீகுமாருக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று பாஸ்வேர்டுகளை அவளிடம் ஒப்படைத்து, "நான் போய் செட்டில் ஆனதும் நோக்கிக்கறேன் ஜெயா," என்றார். அவர் நோக்கவில்லை. பின்னம் அவளிடமே தங்கிவிட்டது.

கடைசி வருட மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் கட்டாயம். நல்ல தலைப்புகளையும் நல்ல வழிகாட்டிகளையும் கெட்டிக்காரர்கள் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். பிந்தி வருகிறவர்கள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டுவார்கள். "மிஸ்ஸே, பின்னத்தில் ஏதெங்கிலும் சின்னதா ஒண்ணு தருமோ?" ஜெயபாய் தருவாள். ஒரு கூட்டம் பீட்சா படத்தை வெட்டிக் காட்டும் பகுதியை எழுதியது. இன்னொரு கூட்டம் மொழிபெயர்ப்பைத் தொடங்கி முக்காலில் விட்டது. வாய்மொழித் தேர்வான விவா முடியும், மதிப்பெண் வரும், லேபில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பிறகு டெக்னோபார்க்குக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விடுவார்கள். அவர்கள் எழுதியது இங்கே கிடக்கும். எங்கோ ஒரு பள்ளியில் அது மக்கர் செய்தால் கடிதம் ஜெயபாய்க்கு வரும். எழுதியவன் என்ன நினைத்து எழுதினான் என்று யோசித்து யோசித்துச் சரிசெய்வாள். அது வேலை நேரத்தில் சேராது, கல்லூரியின் எந்தக் கணக்கிலும் வராது. அவளும் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை.

அப்படி வந்தவர்களில் ரேஷ்மி மட்டும் வேறு மாதிரி. நகரத்துக்குள் ஸ்ரீவராகத்துப் பெண். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே அக்கவுண்டன்டாக இருப்பவர். ரேஷ்மி பிந்தி வரவில்லை, முதல் ஆளாக வந்தாள். ஆதர்ஷ் என்று ஒரு வகுப்புத் தோழனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், எனக்கு சின்ன கிளாஸ்ல பின்னம்னாலே பயமா இருந்துச்சு. யாரும் கோடு போட்டுக் காட்டித் தந்ததில்ல, கேட்டோ. ஒரு நீளக் கோடு போட்டு அதுல ஒரு தவளைய தாவ வச்சா எப்படி இருக்கும்?"

"தவளையா?"

"ஆமா. நாலில் ஒண்ணுன்னு சொன்னா அந்த அளவுக்குத் தாவும். நாலு தடவை தாவினா ஒண்ணுல போய் நிக்கும். பிள்ளைங்களே தாவ வைக்கணும்."

ஜெயபாய் சிரித்துவிட்டாள். "படம் ஆரு வரைவா?"

"நான் வரையறேன்."

அந்த வருடம் முழுவதும் கண்ணாடி அறையில் இரண்டாவது நாற்காலி ஒன்று இருந்தது. வகுப்பு முடிந்ததும் ரேஷ்மி வந்துவிடுவாள். ஆதர்ஷ் கெட்டிக்காரன், வேகமாக எழுதிவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவான். ரேஷ்மி இருப்பாள். ஜெயபாய் கொண்டுவரும் மரச்சீனிக்கிழங்கையும் மீன்குழம்பையும் முதலில் தயங்கி ஒதுக்கினாள். வீட்டில் சைவம். பிறகு கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவள் டப்பாவிலிருந்த தயிர்சாதத்தைத் தள்ளிவைத்தாள். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் கிழக்கேகோட்டை வரைக்கும் வருவார்கள். பழவங்காடியில் இறங்கியதும் ரேஷ்மி பிள்ளையாரைப் பார்த்து அவசரமாக ஒரு கும்பிடு போடுவாள். "நாளைக்குப் பாக்கலாம் மிஸ்!" என்று சொல்லிவிட்டு ஆட்டோக்களுக்கு இடையில் புகுந்து போவாள். ஜெயபாய் வீட்டுக்கு நடக்கும்போது நாளைக்குச் சொல்லவேண்டியதை யோசித்துக்கொண்டே நடப்பாள். யாரிடமாவது சொல்ல இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

தவளை நன்றாகவே தாவியது. விவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தானே மவுஸைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விளையாடினார். அந்த ஜூன் மாதம், பள்ளிகள் திறக்கும் நேரத்தில், ஜெயபாய் அந்தக் கோட்டையும் தவளையையும் பின்னத்தில் சேர்த்து வெளியிட்டாள். அவளும் சோதித்துப் பார்த்துத்தான் சேர்த்தாள். அரை, கால், எட்டில் ஒன்று எல்லாம் சரியாக இருந்தன.

ரேஷ்மிக்குப் பெங்களூரில் வேலை. போகிற அன்று லேபுக்கு வந்து ஜெயபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மிஸ், நான் எங்க போனாலும் பின்னத்துக்கு எழுதுவேன். சத்தியம்." முதல் வாரங்களில் தினமும் செய்தி வந்தது. பிறகு ஞாயிறுகளில். பிறகு ஓணத்துக்கு ஒரு பூக்கோலத்தின் படம்.

அடுத்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் ஒரு போன் வந்தது. விதுரைக்கு மேலே, மலையில் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளியிலிருந்து. பேசியவர் வன்னியபெருமாள், அங்கே கணக்குச் சொல்லித்தருகிற ஆசிரியர், தென்காசிப் பக்கத்துக்காரர்.

"டீச்சரம்மா, இந்த பின்னம்ங்கிறது உங்களுதுதான?"

"ஆமா சார். சொல்லுங்க."

"இதுல ஒரு தவளை இருக்குல்லா. பத்துல ஒண்ணு, பத்துல ஒண்ணுன்னு பத்து தடவை தாவ வச்சா எங்க போயி நிக்கணும்?"

"ஒண்ணுல நிக்கணும்."

"அங்கதான் நிக்கி. ஆனா தப்புன்னு காட்டுதுல்லா!"

 அவர் நிறுத்தாமல் சொன்னார். "பேச்சின்னு ஒரு பிள்ள. மூணு தடவை செஞ்சா. மூணு தடவையும் தப்புன்னு செவப்பா காட்டிட்டு. அந்தப் பிள்ள, 'இல்ல சார், நாஞ் செஞ்சது சரிதான்'னு நிக்கா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மெஷின் பொய் சொல்லுமாட்டின்னு ஒரு சத்தம் போட்டு உக்கார வச்சுட்டேன். பொறவு வீட்டுல போயி பேப்பர்ல கோடு போட்டுப் பாத்தா, அவ சொன்னதுதான் சரி. மனசு கேக்கல டீச்சரம்மா. அதான் கூப்புட்டேன்."

"சார், தப்பு எங்க பக்கம்தான். நான் பாக்கேன்," என்று மட்டும் சொல்ல முடிந்தது அவளால்.

போனை வைத்ததும் அவளே செய்து பார்த்தாள். பத்து முறை தாவி, ஒன்று என்று எழுதியிருந்த இடத்தில் தவளை அழகாக உட்கார்ந்தது. தலைக்கு மேலே சிவப்பில் 'தவறு, மறுபடி முயற்சி செய்'. காரணம் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய பின்னத்தில் மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் தனித்தனி முழு எண்களாகத்தான் வைத்திருந்தாள். தவளை வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியவேண்டும் என்பதற்காக இவர்கள் எல்லாவற்றையும் தசம எண்ணாக மாற்றியிருந்தார்கள். கம்ப்யூட்டர் எதையும் இரண்டிரண்டாக வகுத்துத்தான் வைத்துக்கொள்ளும், பத்தில் ஒன்றை அதனால் முழுதாகப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மயிரிழை பிசகும். பத்து முறை கூட்டினால் ஒன்றுக்கு ஒரு மயிரிழை கீழேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் அது ஒரு பிள்ளையைத் தப்பு என்று சொல்லியிருந்தது.

ரேஷ்மிக்கு எழுதினாள். "வீக்கெண்ட் கண்டிப்பா நோக்கறேன் மிஸ், இப்ப ரிலீஸ் டைம்," என்று பதில் வந்தது. அந்த வாரக் கடைசி போயிற்று, அடுத்ததும் போயிற்று. ஆதர்ஷுக்கு எழுதினாள். "அய்யோ மிஸ்ஸே, அதொக்க மறந்து போயி," என்று பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அவளே உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் படிக்கத் தொடங்கினாள். ஆதர்ஷ் எழுதிய இடங்களில் விளக்கம் ஒன்றும் கிடையாது. ரேஷ்மி எழுதிய இடங்களில் இருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்காகவும் பின்னால் வருகிறவர்களுக்காகவும் நடுநடுவே குறிப்பு எழுதிவைப்பார்கள், கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். ரேஷ்மி குறிப்புகளை ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதியிருந்தாள். 'இந்த வரியைத் தொட வேண்டாம். ஏன் வேலை செய்யுதுன்னு தெரியாது, பக்ஷே செய்யுது.' இன்னொரு இடத்தில், 'தவளைக்கு இன்னிக்கு மூட் சரியில்லை.' அதற்குக் கீழே, 'மிஸ் டீ குடிக்கப் போயிருக்காங்க. வந்ததும் இதைக் கேக்கணும்.'

ஜெயபாய் அந்த வரியில் நின்றுவிட்டாள். அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்தபோது ரேஷ்மி கேட்டாளா, தான் என்ன சொன்னோம், ஒன்றும் நினைவில்லை. வெளியே லேபில் இரண்டாம் வருடப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "மிஸ், பிரிண்டர் ஒர்க் ஆவணில்லா," என்றான். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு இடத்தில் சரிசெய்தால் இன்னொரு இடத்தில் தவளை கோட்டை விட்டு மேலே பறந்தது. அங்கே திருத்தினால் இங்கே உறைந்து நின்றது. அதற்கிடையில் எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்தப் பிள்ளைகள் தப்பில்லாமலே தப்பு வாங்கிக்கொண்டிருக்கின்றனவோ என்ற நினைப்பு அவளைச் சாப்பிடவிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், கோடு இருந்த பகுதி முழுவதையும் பின்னத்திலிருந்து எடுத்துவிட்டாள். எடுக்கிறதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பழையபடி பீட்சாவும் சாக்லேட் கட்டியும் மட்டும் இருந்த பின்னத்தை வெளியிட்டாள். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள்.

சில நாட்களில் வன்னியபெருமாள் மறுபடி கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, தப்பு போச்சு, சந்தோஷம். ஆனா அந்தத் தவளை எங்க போச்சு? பிள்ளையளு கெடந்து கேக்குல்லா."

"அதைச் சரியாக்க முடியல்ல சார். எடுத்துட்டேன்."

"எழுதுன பிள்ளைய வச்சு சரியாக்கலாம்லா?"

"அவியளுக்கு நேரமில்ல."

 "அப்பம் நீங்களே புதுசா ஒண்ணு போடுங்களேன்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், கடையில் ஒரு தோசை போடச் சொல்வதுபோல.

ஜெயபாய் அதைத்தான் செய்தாள். மழைக்காலம் முழுவதும் அதுவே வேலை. ரேஷ்மி எழுதியதைப் பார்த்து எழுதவில்லை, திறக்கவும் இல்லை. மேலே ஒரு முழு எண், கீழே ஒரு முழு எண் என்று தன் பழைய வழியிலேயே அடியிலிருந்து தொடங்கினாள். கோட்டின் மேல் வழுக்குகிற அழகு இதில் வரவில்லை, தவளை கொஞ்சம் வெட்டி வெட்டித்தான் தாவியது. ஆனால் பத்தில் ஒன்றைப் பத்து முறை தாவினால் ஒன்று. ஏழில் ஒன்றை ஏழு முறை தாவினாலும் ஒன்று. அவள் எத்தனையோ எண்களைப் போட்டுப் பார்த்தாள். தவளையின் படத்தை மட்டும் மாற்றவில்லை. அவளுக்கு வரைய வராது. அதோடு அந்தத் தவளையின் ஒரு கண் மற்றதைவிடப் பெரிது, அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. முகப்பில் 'உருவாக்கியவர்கள்' என்ற இடத்தில் இருந்த பெயர்களையும் அவள் தொடவில்லை.

அது வெளிவந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல யாருமில்லை. ஓண விடுமுறைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, வன்னியபெருமாளின் பள்ளியில் சிறப்பு வகுப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, புதியதைத் தானே போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். பேச்சி என்ற அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதும் மனதில் இருந்தது. நெடுமங்காட்டில் பஸ் மாறி, விதுரையில் இன்னொரு முறை மாறி, மேலே போகப்போகக் குளிர ஆரம்பித்தது. பள்ளி வாசலில் வன்னியபெருமாள் குடையோடு நின்றார். போன் குரலைவிட ஆள் சின்னவராக இருந்தார்.

"பேச்சி எந்தப் பிள்ள சார்?"

அவர் முகம் மாறியது. "ஒங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். அவ டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா டீச்சரம்மா. அவ அப்பனுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் செங்கல் சூளையில வேலை. குடும்பத்தோட போயிட்டாவ."

"அவகிட்ட சொன்னியளா? அவ செஞ்சது சரின்னு?"

"சொன்னேன். மறுநாளே எல்லாப் பிள்ளைகளுக்கு முன்னாலயும் வச்சுச் சொன்னேன். சும்மா தலைய ஆட்டுனா. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வரவே இல்ல."

 அவர் டீ வாங்கிக் கொடுத்தார், ஜெயபாய் குடித்தாள். பிறகு இருந்த சில கம்ப்யூட்டர்களில் புதிய பின்னத்தைப் போட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். பிள்ளைகள் மோதிக்கொண்டு வந்து உட்கார்ந்தன. இத்தனை வருடங்களில் பின்னத்தை ஒரு பிள்ளை பயன்படுத்தி அவள் பார்த்ததே இல்லை. கடிதங்களிலும் போனிலும் வந்த குறைகள்தான் அவளுக்குத் தெரியும். இங்கே ஒரு பயல் தவளையைக் கோட்டின் கடைசிக்கு அந்தப் பக்கம் தாவ வைத்து, அது திரையை விட்டுக் காணாமல் போனதும் கைதட்டினான். உடனே எல்லோரும் அதையே செய்தார்கள். யாரும் கணக்குச் செய்ததாகத் தெரியவில்லை. பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. "ஏல, கணக்கப் பாருங்கல," என்று வன்னியபெருமாள் அதட்டினார். "இருக்கட்டும் சார்," என்றாள் ஜெயபாய்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் ரேஷ்மி லேபுக்கு வந்தாள். முன்னைவிட மெலிந்திருந்தாள், முடியை வெட்டியிருந்தாள். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. மாப்பிள்ளையும் அவள் கம்பெனிதான், பெயர் ஸ்ரீநிவாஸ். கல்யாணம் ஸ்ரீவராகத்திலேயே ஒரு மண்டபத்தில்.

"மிஸ், நீங்க வந்தே ஆகணும், கேட்டோ." உட்கார இடம் தேடினாள். இரண்டாவது நாற்காலி வெளியே லேபுக்குப் போய்விட்டிருந்தது. ஜெயபாய் தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு மேஜையில் சாய்ந்து நின்றாள். வீட்டு விசேஷம், பெங்களூர்க் குடிதண்ணீர், வேலை என்று பேச்சுப் போனது. பிறகு ரேஷ்மி கேட்டாள்.

"பின்னம் இப்பவும் உண்டா மிஸ்?"

"உண்டு."

"நம்ம தவளை?"

ஜெயபாய் திறந்து காட்டினாள். ரேஷ்மி மவுஸைப் பிடித்து ஐந்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று தாவவைத்தாள். ஒன்றில் வந்து நின்றதும் பச்சையில் 'சரி' என்று வந்தது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "அய்யோ, எத்ர நாளாச்சு! இன்னும் நல்லா ஓடுதே மிஸ். நான் எழுதினது அவ்வளவு மோசம் இல்ல, அல்லே? நீங்க ஒரு தடவை ஏதோ பிரச்சனைன்னு எழுதியிருந்தீங்க. நான் நோக்கறேன்னு சொல்லி மறந்தே போயிட்டேன். பெரிசா ஒண்ணும் இல்லையே?"

சொல்வதற்கு நிறைய இருந்தது. பத்தில் ஒன்று, பேச்சி, அந்த வெள்ளிக்கிழமை, மழைக்காலம். ஜெயபாய் அவள் கையைப் பார்த்தாள், மணிக்கட்டுவரை கல்யாண மருதாணிக்கு ஒத்திகை பார்த்த கறை இருந்தது. இரண்டு வாரத்தில் கல்யாணம்.

"சின்னதா இருந்து. நான் சரியாக்கிட்டேன்," என்றாள்.

"சாரி மிஸ்."

"அதுக்கென்ன மோளே."

ரேஷ்மி முகப்பில் தன் பெயர் இருந்த இடத்தைப் போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கு அனுப்பினாள். "இனி நேரம் கிடைக்கும் மிஸ், கல்யாணம் கழிஞ்சா எழுதறேன்," என்றாள். அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். நடக்காது என்பது ஜெயபாய்க்குத் தெரிந்தது. முன்பெல்லாம் இப்படித் தெரியும்போது ஒரு வலி வரும், இப்போது அது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் நிற்கவிடாத வலியாக இல்லை.

கல்யாணத்துக்குப் போனாள். மேடையில் ரேஷ்மி, "இது எங்க லேப் மிஸ்," என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவன் பணிவாகக் கும்பிட்டான். பின்னால் வரிசை நீண்டிருந்தது, போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். பந்தியில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து இலைக்காரியான ஒரு வயதான அம்மா, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டாள். ஜெயபாய் கொஞ்சம் யோசித்து, "பொண்ணு வீடு," என்றாள்.

அடுத்த வருடம் துறைத்தலைவர் ப்ராஜெக்ட் எல்லாம் இனி செயற்கை நுண்ணறிவில்தான் இருக்கவேண்டும் என்று அறிவித்துவிட்டார். கண்ணாடிக் கதவை யாரும் தட்டவில்லை. ஜெயபாய்க்கு அது முதலில் ஆறுதலாகக்கூட இருந்தது. இனி மற்றவர்கள் விட்டுப்போவதைப் பொறுக்கவேண்டியதில்லை. ஆனால் ஜூலை மாதம், மாணவர்கள் மற்ற ஆசிரியர்களின் அறைகளுக்கு முன்னால் கூட்டமாக நிற்பதைப் பார்த்தபோது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமல் மூடிவைத்தாள்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் விதுரைக்கு மேலே போகிறாள். விடுமுறை நாளிலும் வன்னியபெருமாள் பிள்ளைகளைக் கூட்டிவைத்திருப்பார். அவரைத் தவிர அங்கே யாருக்கும் பின்னத்தை எழுதியவள் அவள் என்று தெரியாது. கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவள் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள், அவளும் திருத்தவில்லை. போன முறை ஒரு சின்னப் பெண் ஒயரோடு மவுஸைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, இது ஓட மாட்டுக்கு," என்று நீட்டினாள். ஜெயபாய் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அந்தப் பெண் போகவில்லை. பெஞ்சில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் அதைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.